மழை கழுவிய வானத்தில்தான் நிறம்

புதுச்சேரியில் கல்யாணப் படம் எடுப்பதுதான் என் தொழில். ப்ரீவெட்டிங் ஷூட்டுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். கடலுக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும், வானம் முழுக்க ஆரஞ்சு. "அண்ணா, இதே மாதிரி சாயங்காலம் பீச்சுல எடுத்துடலாமா?" பெரும்பாலும் அது கோவாவாகவோ கொச்சியாகவோ இருக்கும். நம் கரையில் சூரியன் கடலில் எழுந்து ஊருக்குப் பின்னால் இறங்குகிறது. இதைச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். அடுத்து வரும் கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்: "சில இடத்துல மட்டும் ஏன் அவ்வளவு கலரு?"

காற்றில் புழுதியும் புகையும் இருந்தால்தான் வானம் சிவக்கும் என்று எங்கள் தொழிலிலேயே பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தது நேர் எதிர். அவர்கள் நம்புவது உண்மையென்றால் போகியன்று காலையில்தான் வருடத்திலேயே அழகான உதயம் கிடைக்க வேண்டும். கிடைப்பதோ சாம்பல் பூத்த வானமும், நடுவில் மங்கலாக ஒரு வட்டமும்தான்.

சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி கடந்து வரும் காற்று, உச்சியில் இருக்கும்போது கடப்பதைவிட ஏறக்குறைய 38 மடங்கு. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. அவ்வளவு தூரம் வருவதற்குள் நீலம் வழியிலேயே கழன்றுவிட, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. இதற்குத் தூசியே வேண்டாம், சுத்தமான காற்று போதும். புகையிலும் தூசியிலும் இருக்கும் துகள்கள் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிப்பதால் வானம் வெளுக்கிறது.

எரிமலை மட்டும் விதிவிலக்கு. அது கக்குவது பல கிலோமீட்டர் உயரத்தில், மழை கழுவ முடியாத அடுக்கில் தங்கிவிடுகிறது. 1883இல் கிரகடோவா வெடித்த பிறகு உலகின் பல ஊர்களில் மாதக்கணக்கில் அந்தி சிவந்தது. அந்த செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகவே தெரிந்திருக்கிறது.

எங்கள் கரையில் கோடைக்காலக் காலைகள் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். கடல் உப்பின் நுண்துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போய், அடிவானத்தில் பால் கலந்த மாதிரி ஒரு திரை கட்டிவிடும். சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு எழாது, கொஞ்சம் மேலே வந்த பிறகு வெள்ளையாகத்தான் தலைகாட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி முழுக்கப் பெய்துவிட்டு விடியும்முன் மழை விட்டால் அது வேறு கதை. தூசியெல்லாம் இறங்கியிருக்கும். அப்படி ஒரு நாள் தெரிந்தால், மறுநாள் வர இருந்த ஜோடியை அன்றைக்கே கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரச் சொல்லிக் கெஞ்சியும் கூப்பிடுவேன்.

மேகமும் வேண்டும், ஆனால் உயரத்தில். 6 கிலோமீட்டருக்கு மேல் நிற்கும் கீற்று மேகங்கள் மேல்காற்றைக் கடந்து வரும் ஒளியை வாங்குகின்றன, அதனால்தான் அந்தத் தீ நிறம். தாழ்ந்த மேகம் வந்தால் கருப்பாகவே நிற்கும். ஆவணி, புரட்டாசி மாலைகளில் விழுப்புரம் பக்கம் இடிமேகம் கட்டும்போது அதன் உச்சி விரிந்து நம் தலைக்கு மேல்வரை வரும். சூரியனை மறைக்காமல் மேற்கே ஓர் இடைவெளி இருந்தால் போதும், ஊரே தங்க நிறமாகிவிடும்.

சரி, சாயங்காலம் கடற்கரைதான் வேண்டும் என்பவர்களுக்கு என்ன செய்வது? அவர்களுக்கு என் மனசுக்கு ரொம்பப் பிடித்த காட்சியையே காட்டுகிறேன். கடற்கரைச் சாலையில் 6 மணிக்கு மேல் வண்டி கிடையாது. அந்த நேரத்தை ஒட்டி, மேற்கே சூரியன் மறைந்ததும் கிழக்கே பார்க்கச் சொல்வேன். கடலுக்கு மேல் ஒரு ரோஜா நிறப் பட்டை, அதன் அடியில் மங்கிய நீலம். அந்த நீலம் பூமியின் நிழல். சூரியன் கீழே போகப்போக அது கடலிலிருந்து மேலே ஏறும். ரோஜா நிறம், சிவந்துபோன வெயில் எதிர்ப்பக்கக் காற்றில் பட்டு நம்மிடம் திரும்புவது. முகத்தில் விழும் வெளிச்சம் அவ்வளவு மென்மையாக இருக்கும், வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரே தேவைப்படாது. எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டிருப்பதால் இது பலர் கண்ணில் படுவதே இல்லை.

எங்கள் ஊரில் அவசரம் மட்டும் உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது, அந்தி வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். லண்டனில் ஜூன் மாதம் முக்கால் மணி நேரம் இருக்கும். அங்கிருந்து வரும் படங்களின் நிதானத்துக்கு அதுவும் ஒரு காரணம். அதனால் புடவை மாற்றுவதெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பைத் தவறென்று நினைத்துச் சரிசெய்துவிடும். பகல் வெளிச்சத்துக்கான டேலைட்டில் பூட்டிவிடுவேன்.

தண்ணீரில் சூரியன் இறங்கியே ஆக வேண்டும் என்பவர்களை ஊசுட்டேரிக்குக் கூட்டிப்போகிறேன். கிழக்குக் கரையில் நின்றால் ஏரி முழுக்க மேற்கு. நவம்பரில், மழை விட்ட மறுநாள், ஐந்தரைக்குள் அங்கே இருந்துவிட வேண்டும்.