அப்பாவின் சான்சுயியும் புது டிவியும்: பேச வைக்க மூன்று வாரம்

மூன்று வாரம், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு இரண்டு நடை, உதவாத ஒரு பெட்டிக்கு எழுநூறு ரூபாய். இத்தனைக்கும் பிறகு நேற்று ராத்திரிதான் டிவி சத்தம் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயர் வழியாக வந்தது. வீட்டில் பழைய ஸ்டீரியோ வைத்திருக்கிறவர்கள் யாரும் இப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆம்ப், அப்பா 1979-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த சான்சுயி, ஜப்பான் கம்பெனி செட். பத்து வருடமாகப் பரணில் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட் என்றால் ப்ளக் மாட்டும் முன் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தவை 100 வோல்ட். நம் 230-ல் நேரடியாக மாட்டினால் போச்சு. எங்களுடையது 240-ல் இருந்தது. வால்யூம் திருகியில் கரகர சத்தம். தெரிந்த மெக்கானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சரி செய்தார்.

சிக்கல் டிவியில் ஆரம்பித்தது. பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டைகள் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அவை சத்தம் உள்ளே போவதற்கு. எங்கள் டிவியில் ஹெட்போன் ஓட்டையும் இல்லை. வெளியே வர இருந்த வழி இரண்டுதான்: சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல், ஏஆர்சி (டிவி சத்தத்தை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதிய எச்டிஎம்ஐ. இரண்டிலும் வருவது டிஜிட்டல். பழைய ஆம்ப்புக்கு அது புரியாது. நடுவில் மாற்றித் தர ஒரு 'டாக்' பெட்டி வேண்டும்.

ரிச்சி தெருவில் ஒரு கடையில், "டிவியில் ஆப்டிகல், ஆம்ப்பில் சிவப்பு வெள்ளை பின்" என்று தெளிவாகத்தான் சொன்னேன். "இதான் சார், எல்லாரும் இதான் வாங்குறாங்க" என்று கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்பு வெள்ளைப் பக்கம் 'இன்', ஆப்டிகல் பக்கம் 'அவுட்'. நேர் எதிர்த்திசைக்கான பெட்டி. மறுநாள் அரை நாள் லீவு போட்டுத் திரும்பப் போனேன். பில்லின் அடியில் இருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் காட்டினார். மாற்றிக் கூடத் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பக்கத்துக் கடையில் சரியான பெட்டி 850 ரூபாய். கடையிலேயே அட்டையைப் பிரித்து 'இன்' எது, 'அவுட்' எது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆப்டிகல் ஒயரின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதையும் கழற்ற மறக்காதீர்கள்.

மாட்டியாச்சு. கேபிள் சேனல்களில் சத்தம் வந்தது. ஓடிடியில் படம் போட்டால் ஊமை. பெட்டி பழுது, ஒயர் பழுது என்று இரண்டு சாயங்காலம் போராடினேன். காரணம் டிவி செட்டிங்கில் இருந்தது. டிஜிட்டல் அவுட்புட் 'ஆட்டோ'வில் இருந்தால் ஓடிடி படங்களின் டால்பி முறையில் சுருக்கிய சத்தம் அப்படியே வெளியே போகும். இந்த மாதிரி மலிவான பெட்டிக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. 'பிசிஎம்', அதாவது சுருக்காத சாதா டிஜிட்டல் சத்தம், என்று மாற்றிய அடுத்த நொடி ஹால் முழுக்கச் சத்தம்! இந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு நாள் போனது.

இன்னொன்று: ஆம்ப்பில் 'ஆக்ஸ்' என்ற பொது ஓட்டையில்தான் மாட்ட வேண்டும். பக்கத்திலேயே 'ஃபோனோ' இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது ரெக்கார்டு பிளேயர் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்குவதற்கானது. டாக் பெட்டி தருவது 2 வோல்ட் வரை போகும். மாற்றி மாட்டினால் காது கிழியும், ஸ்பீக்கருக்கும் ஆபத்து.

கடைசியாக அம்மாவுக்காக அடுப்படியில் ப்ளூடூத் ஸ்பீக்கர். பழைய ஆம்ப்பில் இதற்கு அருமையான வழி இருக்கிறது: கேசட்டில் பதிவு செய்வதற்கென்று வைத்த 'டேப் ரெக்' ஓட்டை. அதில் ஒரு ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரை மாட்டினேன். ஆம்ப்பில் எதை ஓட விடுகிறோமோ அதுவே அடுப்படிக்கும் போகும், ரெக்கார்டு உட்பட. ஹாலில் வால்யூமைக் குறைத்தாலும் அங்கே குறையாது. ஒரே குறை, ப்ளூடூத் சத்தம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிந்தி வரும். அடுப்படி வாசலில் நின்றால் இரட்டையாகக் கேட்கிறது. படம் பார்க்கும் அறையில் ஒயர் ஸ்பீக்கரே சரி.

டிவி ரிமோட்டில் இப்போது சத்தம் கூட்ட முடியாது; எங்கள் டிவியின் ஆப்டிகலில் ஒரே அளவுதான் வருகிறது. ரிமோட்டோடு வரும் டாக் பெட்டியும் கிடைக்கும், வாங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். நேற்று செய்தி முடிந்ததும் எழுந்து போய், அந்தத் திருகியை அவரே மெதுவாகத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.