வாயுப்பிடிப்புக்கு 14,860 டாலர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனைவி நன்றாக இருக்கிறாள். உடம்பு அன்று காலையிலேயே சரியாகிவிட்டது. பில் சரியாகத்தான் ஒன்றே முக்கால் வருடம் பிடித்தது.

2024 ஜனவரி இரண்டாவது வாரம். நாங்கள் இருப்பது நார்த் கரோலைனாவில். ராத்திரி பதினொன்றரை இருக்கும், "ஏங்க, நெஞ்சை ஏதோ அழுத்துற மாதிரி இருக்கு, கை மரத்துப்போகுது" என்று எழுப்பினாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. அவளுடைய அப்பா நாற்பத்தொன்பது வயதில் மாரடைப்பில் போனவர், இவளுக்கு அப்போது நாற்பத்தாறு. நான் எதையும் யோசிக்கவில்லை, 911-ஐக் கூப்பிட்டேன். ஏழு நிமிடத்தில் ஆம்புலன்ஸ், ஆறு மைல் தள்ளி ஆஸ்பத்திரி. வந்தவர்கள் தங்கமான மனிதர்கள், உள்ளே ஒரு நர்ஸ் எனக்கும் சேர்த்துப் போர்வை கொண்டுவந்து கொடுத்தார். பணத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. 1986-இல், ரீகன் காலத்தில் வந்த சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வருகிறவர் கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் முதலில் கவனித்தாக வேண்டும். (கவனிக்கத்தான் சொல்கிறது அந்தச் சட்டம், பில் எவ்வளவு போடலாம் என்று சொல்லவில்லை.) ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ராத்திரி முழுக்கக் கண்காணிப்பு. காலையில் டாக்டர் சிரித்துக்கொண்டே, இதயம் ஜம்மென்று இருக்கிறது, வயிற்று அமிலமும் வாயுவும்தான் என்றார். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏம்ப்பா, கொஞ்சம் ஓமத்தண்ணி குடுத்திருந்தா சரியாப் போயிருக்குமே" என்றார். அம்மா இலவசமாகச் சொன்ன இதே கருத்தைத்தான் பிற்பாடு இன்சூரன்ஸ் கம்பெனி மூன்று பக்கக் கடிதத்தில் எனக்கு எழுதியது.

மூன்றாவது வாரத்திலிருந்து தபால் வர ஆரம்பித்தது. இங்கே முதலில் வருவது பில் இல்லை, "இது பில் அல்ல" என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு விளக்கத்தாள். பார்க்க அச்சு அசலாக பில் மாதிரியே இருக்கும், தொகை இருக்கும், "நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அப்புறம் நிஜ பில்கள், ஒன்றல்ல, நான்கு. ஆம்புலன்ஸ் தனி. ஆஸ்பத்திரி கட்டடத்துக்குத் தனி. அந்தக் கட்டடத்துக்குள் நின்று பார்த்த எமர்ஜென்சி டாக்டருக்குத் தனி, ஏனென்றால் அவர் ஆஸ்பத்திரி ஊழியர் இல்லையாம், வேறொரு மருத்துவர் குழுவின் ஆளாம். எக்ஸ்ரேயைப் படித்த ரேடியாலஜிஸ்டுக்குத் தனி, அது மட்டும் 38 டாலர், அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது, இவ்வளவு நல்லவரா என்று.

எங்கள் திட்டத்தில் தனிநபர் டிடக்டிபிள் 3,500 டாலர், அதாவது முதல் 3,500 என் கைக்காசு, அதற்குமேல் 20 சதவீதம் நான். இந்தக் கணக்கு ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நெஞ்சுவலி வருவதென்றால் டிசம்பரில் வர வேண்டும், ஜனவரியில் வந்தால் அது உங்கள் ஜாதகக் கோளாறு.

எமர்ஜென்சி டாக்டர் பில்லை முதலில் சொல்லிவிடுகிறேன், அது ஒன்றுதான் சுலபமாக முடிந்தது. ஆஸ்பத்திரி எங்கள் நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸோடு விலை பேசி ஒப்பந்தம் போட்டவர்கள் பட்டியலில், இருந்தது, அந்த டாக்டர் குழு இல்லை. பில் 1,126 டாலர். விளக்கத்தாளில் என் பங்கு 412 என்று இருந்தது. எதிர்பாராத பில்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் ஒன்று 2020 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்டு 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. எமர்ஜென்சியில் நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கும் டாக்டர் பார்த்தாலும் நெட்வொர்க் கணக்குப்படிதான் நம்மிடம் வாங்க முடியும். இதைப் போனில் சொன்னதும் எதிர்முனையில் இருந்த பெண் ஒரு நொடிகூட வாதாடவில்லை, "ஆமாம் சார், 412 தான், சரிசெய்துவிடுகிறேன்" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், எரிச்சல்தான் வந்தது. தெரிந்தே அனுப்பியிருக்கிறார்கள். தெரியாதவர் 1,126 கட்டிவிட்டுப் போவார், தெரிந்தவர் போன் பண்ணினால் குறைத்துக்கொள்வார்கள். கோயம்பேட்டில் தக்காளிக்குப் பேரம் பேசுகிறோம் என்றால், அங்கே பேரம் உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இங்கே விற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரி பில்தான் பெரிய தலைவலி. 14,860 டாலர். இன்சூரன்ஸ் அதற்கு ஒரு சென்ட்கூடத் தர முடியாது என்று மறுத்துவிட்டது. இறுதி நோயறிதல் வாயு, எனவே இது எமர்ஜென்சி அல்ல, இரவுக் கண்காணிப்பும் மருத்துவ ரீதியில் தேவையில்லை என்று காரணம். அந்தக் கடிதத்தை எழுதியவர் அன்று ராத்திரி எங்கள் படுக்கையறையில் வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். மறுப்பு வந்ததால் நெட்வொர்க் தள்ளுபடியும் கிடைக்கவில்லை, எனவே முழுத் தொகையும் என் பெயரில்.

அந்த மறுப்பை எதிர்த்து அப்பீல் போட முடிவுசெய்து, போன் பண்ண ஆரம்பித்தேன். முதல் சிக்கல், நோயாளி நான் இல்லை. ஹிப்பா என்ற தனியுரிமைச் சட்டப்படி என்னோடு பேச மாட்டார்கள், ஒவ்வொரு முறையும் மனைவி லைனில் வந்து பெயர், பிறந்த தேதி, முகவரி சொல்லி "இவரோடு பேசலாம்" என்று அனுமதி கொடுக்க வேண்டும். நாற்பது நிமிடம் அந்தக் காத்திருப்பு இசையைக் கேட்டு, ஆள் வரும் நேரம் பார்த்து அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பாள். பிறகுதான் அதற்கென்று ஒரு படிவம் இருப்பது தெரிந்தது, அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நானே பேசலாம். அனுப்புவது எப்படி? ஃபேக்ஸில். 2024-இல். ஊர் நூலகத்தில் ஒரு ஃபேக்ஸ் மிஷின் இருந்தது, அங்கே இருந்த அம்மாளுக்கு மார்ச் மாதத்துக்குள் என் பெயர் மனப்பாடம்.

ஊரில் ஜவுளிக்கடையில் கொடுத்த ஒரு டைரி சும்மா கிடந்தது. தேதி, நேரம், பேசினவர் பெயர், குறிப்பெண், என்ன சொன்னார் என்று ஒவ்வொரு அழைப்பையும் அதில் எழுதினேன். ராகுகாலம் எமகண்டம் போட்ட பக்கத்தில் அமெரிக்க இன்சூரன்ஸ் குறிப்பெண்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த டைரிதான், ஏனென்றால் ஏப்ரலில் ஒருவர் "உங்கள் அப்பீல் எங்களுக்கு வரவே இல்லை" என்றபோது, மார்ச் 18 மதியம் வந்து சேர்ந்தது என்று உங்கள் ஆளே சொன்னார், பெயர் இது, எண் இது என்று என்னால் வாசிக்க முடிந்தது. இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அதே நேரத்தில் ஆஸ்பத்திரியிடம், மொத்தத் தொகை வேண்டாம், வரி வரியாகப் பிரித்த பில் கொடுங்கள் என்று கேட்டேன். இதைக் கேட்காமல் யாரும் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். வந்தது. 99285 என்று ஒரு எண், எமர்ஜென்சி வருகையில் ஐந்து படிகளில் உச்சப் படி. டிரோபோனின் ரத்தப் பரிசோதனை இரண்டு தடவை போட்டிருந்தது, மாட்டினீர்களா என்று சண்டைக்குப் போனேன். அது அவர்கள் தப்பில்லை, மாரடைப்பைப் பார்க்க அந்தப் பரிசோதனையைச் சில மணிநேர இடைவெளியில் திரும்பச் செய்வதுதான் முறை என்று பொறுமையாக விளக்கினார்கள், அசடு வழிந்தேன். ஆனால் கண்காணிப்பு மணிநேரத்தில் நான் நினைத்தது சரி, காலை ஒன்பதரைக்கு வெளியே வந்தோம், பில்லில் மதியம் இரண்டு வரை ஓடியிருந்தது. குறைத்தார்கள்.

முதல் அப்பீல் நிராகரிப்பு. இரண்டாவது அப்பீலில் நான் சட்டத்தையே எழுதினேன். 2010-இல் ஒபாமா காலத்து மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம் வந்தபிறகு, எமர்ஜென்சியா இல்லையா என்பதை முடிவில் என்ன நோய் என்று தெரிந்ததோ அதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, சாதாரண அறிவுள்ள ஒரு மனிதர் அந்த அறிகுறிகளைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார் என்பதுதான் அளவுகோல். வியர்வை, நெஞ்சழுத்தம், மரத்துப்போன கை, அப்பாவுக்கு மாரடைப்பு. டாக்டரும் ஒரு கடிதம் தந்தார். அதுவும் நிராகரிப்பு, முதல் கடிதத்தின் அதே பத்திகள், தேதி மட்டும் மாற்றம்.

கோபத்தில் மாநில இன்சூரன்ஸ் துறைக்குப் புகார் எழுதினேன். மிக மரியாதையான பதில் வந்தது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று. அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அட்டையில் பெயர் போட்டிருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி இதில் வெறும் கணக்கப்பிள்ளை. பணம் போடுவது நான் வேலை பார்க்கும் கம்பெனி. பெரிய முதலாளிகள் இப்படித்தான் சொந்தப் பணத்தில் திட்டம் நடத்துகிறார்கள், 1974-இல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டத்தால் மாநில இன்சூரன்ஸ் சட்டங்கள் அவர்களைத் தொடாது. அதாவது ஆறு மாதமாக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது என் சொந்த முதலாளியின் பணப்பையோடு, அது என் ஹெச்.ஆர். அம்மாவுக்கே தெரியவில்லை.

நான் 2019-இல் குடியுரிமை வாங்கியவன். அதற்கான கேள்விகளில் "உங்கள் பிரதிநிதி யார்" என்று ஒன்று உண்டு, அரசிடம் முறையிடும் உரிமையும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் இருக்கிறது என்று உருப்போட்டிருந்தேன். சரி, உருப்போட்டதைப் பயன்படுத்துவோம் என்று அந்த நாடாளுமன்றப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு இளைஞர் கூப்பிட்டார், தனியார் திட்டத்தில் நாங்கள் தலையிட முடியாது, ஆனால் தொழிலாளர் துறையில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது என்று வழிகாட்டினார். அங்கே பேசிய அதிகாரிதான் இந்தக் கதையிலேயே எனக்கு நேராக ஒரு விஷயத்தைச் சொன்ன முதல் ஆள்: உள்ளே அப்பீல் முடிந்துவிட்டதல்லவா, கடைசி நிராகரிப்பிலிருந்து நான்கு மாதத்துக்குள் வெளி மதிப்பாய்வு கேளுங்கள், சம்பந்தமில்லாத ஒரு அமைப்பு பார்க்கும், அவர்கள் சொல்வது திட்டத்தைக் கட்டுப்படுத்தும். நிராகரிப்புக் கடிதத்திலேயே இது இருக்கிறதே என்றார். இருந்தது. கடைசிப் பக்கத்தில்.

ஜூலையில் அனுப்பினேன், கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒன்றரைப் பக்கத்தில் தீர்ப்பு: அறிகுறிகளின்படி இது எமர்ஜென்சிதான், கண்காணிப்பும் நியாயம், மறுப்பு ரத்து. தள்ளுபடி விலைக்கு வந்ததும் ஆஸ்பத்திரி பில் 6,420 ஆனது, டிடக்டிபிளில் மிச்சம் இருந்த 2,440, அதற்கு மேல் 20 சதவீதம் 796, ஆக 3,236 டாலர் கட்டினேன். 14,860 என்று ஆரம்பித்த தொகை. இதை வெற்றி என்றுதான் நண்பர்களிடம் சொன்னேன், அவர்களும் கைகொடுத்தார்கள்.

ஆம்புலன்ஸில் தோற்றேன். பில் 1,940. இன்சூரன்ஸ் ஒத்துக்கொண்ட தொகை 610, அதுவும் டிடக்டிபிளில் போய்விட்டதால் அவர்கள் தந்தது சைபர். மீதி 1,330 டிடக்டிபிள் கணக்கிலேயே வராது. மேலே சொன்ன அந்த நல்ல சட்டம் இருக்கிறதே, அதில் தரைவழி ஆம்புலன்ஸை விட்டுவிட்டார்கள். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்குப் பாதுகாப்பு உண்டு. அவளைப் பறக்கவிட்டிருந்தால் சட்டம் துணைக்கு வந்திருக்கும், ரோட்டில் கொண்டுபோனதால் வரவில்லை. இதை ஆராய ஒரு குழு போட்டு, அது 2024-இல் பரிந்துரைகளும் கொடுத்தது, சட்டம் அப்படியே இருக்கிறது. 911-க்குப் போன் செய்தவன், வந்து நிற்கும் வண்டியிடம், "அண்ணே, நீங்க நம்ம நெட்வொர்க்கா" என்று கேட்க முடியுமா?

கட்டாமல் விட்டால் என்ன என்றும் பார்த்தேன். எங்கள் மாநிலத்தில் ஆம்புலன்ஸ் நடத்தும் உள்ளூர் அரசுகளுக்கு இந்த மாதிரிப் பாக்கியை நம் மாநில வருமானவரி ரீஃபண்டிலிருந்தே பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது. கிரெடிட் ஸ்கோர் பயம் வேறு. 2025 ஜனவரியில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, மருத்துவக் கடனைக் கிரெடிட் அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது, அப்பாடா என்று இருந்தேன், ஜூலையில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நான் நல்லவேளை அதை நம்பி நிறுத்தவில்லை. தள்ளுபடி கிடையாது, தவணை உண்டு என்றார்கள், மாதம் 97 டாலர், இருபது மாதம். 2024 மார்ச்சில் ஆரம்பித்து 2025 அக்டோபரில் முடிந்தது. ஆக ஒரு வாயுப்பிடிப்புக்கு என் கையிலிருந்து 5,626 டாலர், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியம் தனி.

தவணை முடிந்த அடுத்த மாதம், நவம்பரில் ஒரு ராத்திரி, விழித்துப் பார்த்தால் அவள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், கை நெஞ்சில் இருக்கிறது. என்னம்மா என்றேன். "ஏங்க, இந்த வருஷம் டிடக்டிபிள் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். போனை எடுத்தேன், 911-க்கு இல்லை, இன்சூரன்ஸ் ஆப்பைத் திறக்க. டிடக்டிபிள் முடியவில்லை, இன்னும் 2,900 பாக்கி. ஓமத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கார் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் மூச்சு விடுவதையே பார்த்தபடி, விடியும்வரை சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.