எழுதிக் கொடுத்த சீட்டு

“ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க மேடம். மாத்திரையை வீட்டுலயே வச்சிட்டுப் போறேன்.”

பேனிக் அட்டாக் எனப்படும் திடீர்ப் பயத் தாக்குதலுக்கு மனநல சிகிச்சைக்கு வந்த டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் கேட்டது இது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார், கை மட்டும் காசுப் பையை விடவில்லை. பையின் உள்ளறையில் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் மாத்திரை அட்டை ஒன்று மாதக்கணக்கில் இருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

அந்தச் சீட்டு எழுதப்பட்டது. அவர் கேட்ட வார்த்தைகளில் அல்ல, வேறு வார்த்தைகளில். எழுதியிருக்கலாமா என்ற கேள்விதான் இன்னும் அடங்கவில்லை.

ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்து, “ஒண்ணுமில்ல, டென்ஷன்” என்று அனுப்பப்பட்டவர். பேனிக் அட்டாக் வருகிறவர்களிடம் சொல்லக் கூடாத வார்த்தை என்று ஒன்று இருந்தால் அது இந்த ‘ஒண்ணுமில்ல’தான். நெஞ்சு அடிப்பது நிஜம், விரல் மரத்துப்போவது நிஜம். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, கால்சியம் செயல்படும் அளவு குறைந்து, விரலும் உதடும் மரக்கின்றன. இதை “ஹார்ட் அட்டாக்” என்று மனம் படித்துக்கொண்டால் பயம் ஏறும், பயம் ஏறினால் மூச்சு இன்னும் வேகமாகும். 1986இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் வரைந்து காட்டிய சுழல் இதுதான். பேனிக் சிகிச்சையில் இன்றும் பாதி வேலை, வந்தவரின் சொந்த வார்த்தைகளிலேயே இந்தச் சுழலைத் தாளில் வரைவது.

சுழலை உடையவிடாமல் வைத்திருப்பவை பாதுகாப்புப் பழக்கங்கள். பின்படி பக்கத்திலேயே நிற்பது, தண்ணீர் பாட்டில், ஸ்டாப்புக்கு ஸ்டாப் நாடி பிடித்துப் பார்ப்பது, பையில் மாத்திரை. ஒவ்வொரு டிரிப்பும் ஒன்றும் ஆகாமல் முடியும். “என் உடம்பு தாங்கியது” என்று மனம் எடுத்துக்கொள்ளாது, “மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்” என்றே எழுதிக்கொள்ளும். உண்மையில் அந்த மாத்திரையை விழுங்கினாலும் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போக 1 முதல் 2 மணி நேரம் ஆகும். அட்டாக் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரை மணிக்குள் வடிந்துவிடும். விழுங்கியதுமே வரும் நிம்மதி மருந்தினுடையது அல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவர் அதைத் தினமும் சாப்பிடாதவர், மருத்துவரும் சரி என்று சொன்னார். அதனால்தான் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்ல முடிந்தது. தினமும் எடுப்பவர் இதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைப்பது மட்டுமே அவருக்கு வழி.

மாத்திரையை விடுவதற்கு முன், அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கும் ஒத்திகை அறையிலேயே நடந்தது. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டுமென்றே 1 நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு வாங்குவது. இருந்த இடத்திலேயே 1 நிமிடம் ஓடுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராவில் 2 நிமிடம் சுவாசிப்பது. இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. ஒவ்வொரு முறையும் பயம் 100க்கு எவ்வளவு, பஸ்ஸில் வந்ததைப் போலவே இருந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். பயம் பாதியாகக் குறையும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பலரும் இதை மென்மையாகச் செய்து கெடுக்கிறார்கள். கிறுகிறுப்பு ஆரம்பித்த நொடியில் நிறுத்தினால், “நல்ல நேரத்தில் நிறுத்தினோம்” என்ற பாடம்தான் மிஞ்சும். நடுவில் “பயப்படாதீங்க” என்று ஆறுதல் சொல்வதும் அதே கெடுதலைத்தான் செய்கிறது.

அவருடைய பெரிய பயம், மயங்கிப் படியிலிருந்து விழுவது. மாத்திரை இல்லாமல் ஒரு டிரிப் என்றால் அந்தப் பயம் 100க்கு 90. மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் இறங்க வேண்டும், பேனிக்கில் அது பொதுவாக ஏறுகிறது. ரத்தம், ஊசி கண்டால் மயங்குகிறவர்கள் வேறு வகை. இதைச் சொன்னபோது தலையாட்டினார். தலையாட்டிவிட்டுத்தான் அந்தச் சீட்டைக் கேட்டார்.

மறுத்திருந்தால்? ‘ஒன்றும் ஆகாது’ என்று யாராலும் எழுதித் தர முடியாது என்பது நேர்மையான பதில். அந்த நிச்சயமின்மையோடு பஸ் ஏறுவதுதான் சிகிச்சையே. ஆனால் அன்றைக்கு அந்தப் பதிலோடு எழுந்து போனால் மாத்திரை பையிலேயே இருந்திருக்கும். அவரும் திரும்பி வராமல் போயிருக்கலாம். ஓபி சீட்டின் பின்பக்கம் இப்படி எழுதப்பட்டது: “படபடப்பு வரலாம். வந்தால் சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். அதுவரை டிக்கெட் போட்டுக்கொண்டே இருங்கள்.” இதில் பொய் வாக்குறுதி எதுவும் இல்லை. படபடப்பு வரலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. நியாயம் என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

அவர் படித்தார், நான்காக மடித்தார், மாத்திரை இருந்த அதே உள்ளறையில் வைத்தார். அந்த நியாயம் அங்கேயே ஆட்டம் கண்டது. ஒரு காவல் போய் இன்னொரு காவல் வந்துவிட்டதா?

கூட வேலை செய்கிற ஒருவர், வந்துவிட்டது என்கிறார். மாத்திரையை முதலில் டிப்போ லாக்கரில், பிறகு வீட்டில் என்று தள்ளிக்கொண்டே போயிருந்தால் சீட்டே தேவைப்பட்டிருக்காது என்பது அவர் கட்சி. அது பலமான வாதம். இன்னொரு பக்கம், 2008இல் ராக்மன், ராடோம்ஸ்கி, ஷாஃப்ரன் என்ற உளவியலாளர்கள் மூவரும் பாதுகாப்புப் பழக்கங்கள் எல்லாமே கெடுதல் அல்ல, சிகிச்சையின் ஆரம்பக் கட்டத்தில் அளவோடு அனுமதித்தால் பயந்தவர் களத்தில் இறங்க அவை உதவலாம் என்று எழுதினார்கள். அளவோடு என்பதும் ஆரம்பம் என்பதும் எங்கே முடிகின்றன என்பதை ஒவ்வொருவர் விஷயத்திலும் தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சீட்டு ஒரு தகவலாக இருந்தால் படித்து மனதில் ஏறியதும் தொலைந்துபோகும். தாயத்தாக இருந்தால் தொலையாது.

அடுத்த முறை வந்தபோது முழு ஷிப்ட் பார்த்திருந்தார். முன்படி வரை போய் டிக்கெட் போட்டிருந்தார். இரண்டு தடவை படபடப்பு வந்தது, இறங்கியது, மாத்திரை வீட்டில் இருந்தது. சீட்டை லேமினேட் செய்திருந்தார்.

லேமினேஷனைப் பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் மறந்து அதையே பிடித்துக்கொள்வதும் சரியல்ல. அதற்குப் பதில் கேட்க வேண்டியது ஒரு எண்: சீட்டு இல்லாமல் ஒரு டிரிப் என்றால் பயம் எத்தனை? 40 என்றார். அன்று மாத்திரைக்குச் சொன்ன 90 எங்கே, இந்த 40 எங்கே. சிகிச்சை ஏடுகள் இந்த 40ஐயும் இறக்கச் சொல்லும், ஏனென்றால் மீதி இருக்கும் காவல்தான் பின்னாளில் பேனிக் திரும்பி வரும் வாசல். முழு ஷிப்ட் பார்த்துச் சம்பளம் வாங்கும் ஒரு மனிதரிடம் கடைசித் துண்டுக் காகிதத்தையும் பிடுங்கத்தான் வேண்டுமா என்று இன்னொரு மனம் கேட்கிறது. இரண்டையும் அவர் முன்னாலேயே வைத்தபோது, விட்டுப் பார்க்கலாம் என்றார்.

முதலில் லீவு நாளில் சீட்டு இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்ப் பழகலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம், டூட்டியிலேயே பார்க்கிறேன், காலை 8 மணி டிரிப்பில் என்றார். அவர் சொன்னதுதான் சரி. அவர் பயப்படுவது அந்த நெரிசலுக்கும் அந்தப் படிக்கும், கடைத்தெருவில் பழகியது அங்கே அப்படியே கைகொடுக்காது. ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்தோம்: வண்டி எடுப்பதற்கு முன் “என்ன நடக்கும்னு நினைக்கிறேன்” என்று 1 வரி, டிரிப் முடிந்ததும் “என்ன நடந்தது” என்று 1 வரி, இரண்டும் அவர் கையெழுத்தில்.