4294967297: பகா எண் வேடம் போடும் ஒரு பகு எண்

2³² + 1, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் கிடைப்பவை ஃபெர்மா எண்கள். இந்த வரிசையில் இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுக்க அப்படித்தான் போகும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். அடுத்த எண்ணிலேயே அது பொய்த்தது: இதை 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் கணித மேதை ஆய்லர் காட்டினார்.

641-ஐக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். p என்ற பகா எண் இதை வகுத்தால், p-ஆல் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1 (அதாவது மடங்குக்கு ஒன்று குறைவு), 2⁶⁴-இன் மீதி 1. அதாவது மீதி 1 முதன்முதலில் வருவது 2-இன் 64-ஆம் அடுக்கில்; p பகா எண் என்பதால் 2-இன் (p − 1)-ஆம் அடுக்கிலும் மீதி 1 வரும். ஆகவே p − 1 என்பது 64-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறார். கணிதர் லூகாஸ் பின்னர் 64-ஐ 128 ஆக்கினார். அப்போது 257, 641 இரண்டே மிச்சம். ஃபெர்மா எண்கள் இரண்டுக்குப் பொதுக் காரணி கிடையாது என்பதால் 257-ஐயும் தள்ளிவிடலாம்.

சரிபார்க்கப் பெரிய வகுத்தலும் வேண்டாம், வர்க்கப்படுத்தி மீதி எடுத்தால் போதும். 2⁸ = 256. 256² = 65536, 641-ஆல் வகுத்தால் மீதி 154. 154² = 23716. 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது, எனவே 2³²-இன் மீதி −1. முடிந்தது.

இன்னொரு காரணி 6700417. இது பகா எண்தானா? இதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் 128-இன் மடங்குடன் 1 கூட்டிக் கிடைக்கும் பகா எண்களில், 257 போக, 641, 769, 1153, 1409 மட்டுமே உண்டு. மீதிகள் முறையே 44, 120, 334, 622. நான்கே வகுத்தலில் நிரூபணம்.

காரணியே தெரியாமலும் இதைப் பிடிக்கலாம். 65536² + 1² என்றாலும் 62264² + 20449² என்றாலும் இதே எண்தான். பகா எண்ணுக்கு இப்படி இரண்டு வழி இருக்காது.

பலர் சறுக்குவது கணினிச் சோதனையில். ஃபெர்மா சோதனை என்பது, அடிமானமாக எடுத்த ஓர் எண்ணைச் சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி மீதி எடுப்பது; பகா எண் என்றால் 1 வரும். அடிமானம் 2 வைத்து அதைச் செய்தால் விடை 1; பகா எண் போலவே நடிக்கும். அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் அடிமானம் 2-இல் ஏமாறும். இந்த எண்ணின் கட்டமைப்பே 2-ஆல் ஆனது, 2-ஐயே சாட்சிக்குக் கூப்பிட்டால் வேறென்ன சொல்லும்! அடிமானம் 3 வையுங்கள். 3-ஐ 31 முறை வர்க்கப்படுத்தினால் மீதி 10324303. பகா எண்ணாக இருந்தால் −1, அதாவது 4294967296 வந்திருக்க வேண்டும். இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 3029026160. அதுவும் 1 இல்லை.

நிரல் எழுதும்போது எண்ணின் அளவையும் கவனியுங்கள். குறியற்ற (எதிர்மறை எண் கொள்ளாத) 32 பிட் மாறியில் இதைப் போட்டால் வெறும் 1 ஆகிவிடும். குறியற்ற 64 பிட்டிலும் ஒரு பொறி உண்டு: மற்ற மீதிகளின் வர்க்கமெல்லாம் கொள்ளும், 4294967296-இன் வர்க்கம் மட்டும் சரியாக 2⁶⁴. அது வழிந்து 0 ஆகும். அடிமானம் 2-இல் வருவதோ அதே மீதிதான். அப்போது ஃபெர்மா சோதனை நிரல் ‘பகு எண்’ என்று சரியான விடையைத் தவறான காரணத்துக்காகச் சொல்லும். இடைப் பெருக்கலை 128 பிட்டில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.