ஐந்து ஊர் பார்த்த அணி, ஒரே ஒரு கோப்பை

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ பார்ப்பவர்களிடம் உங்கள் அணி எது என்று கேட்டால் லேக்கர்ஸ், செல்டிக்ஸ், வாரியர்ஸ் என்று டக்கென்று பதில் வரும். நான் சாக்ரமெண்டோ கிங்ஸ் என்று சொன்னால் கேட்டவர் முதலில் சிரிப்பார், அப்புறம் "ஏன்?" என்பார். அந்த ஏனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வந்ததே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோப்பைக் கணக்கு பார்த்தால் என் பக்கம் ஒன்றுமே இல்லை. இந்த அணி என்பிஏ சாம்பியன் ஆனது ஒரே ஒரு தடவை, 1951-ல். அதுவும் சாக்ரமெண்டோவில் இல்லை, கிங்ஸ் என்ற பெயரிலும் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரத்தில், ரோசெஸ்டர் ராயல்ஸ் என்ற பெயரில். ஹாரிசன் சகோதரர்கள் நடத்திய அணி, அண்ணன் லெஸ் ஹாரிசனே முதலாளி, அவரே கோச். இறுதிச் சுற்றில் நியூயார்க் நிக்ஸை முதல் மூன்று ஆட்டத்திலும் அடித்துவிட்டு, அடுத்த மூன்றையும் வரிசையாகக் கோட்டைவிட்டு, ஏழாவது ஆட்டத்தில் 79-75 என்று தப்பிப் பிழைத்தார்கள். ஜெயிப்பதைக்கூட நெஞ்சு வலி வரவழைத்துத்தான் ஜெயிக்க வேண்டும் என்ற வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது போல. அந்த ராயல்ஸில் ஆடிய ரெட் ஹோல்ஸ்மன் பிற்பாடு அதே நிக்ஸுக்குக் கோச்சாகப் போய் 1970, 1973 என்று இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தார். நிக்ஸுக்கு இன்றுவரை நினைத்துப் பெருமைப்பட அதுதான் பெரிய காலம். எங்களுக்கு 79-75.

ரோசெஸ்டர் சின்ன ஊர், அரங்கமும் சின்னது, கூட்டத்தை வைத்துக் கட்டுப்படியாகவில்லை. 1957-ல் அணி சின்சினாட்டிக்குப் போனது. அங்கே முதல் சீசன் முடிவதற்குள் நடந்ததுதான், இந்த அணியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம்.

மொரிஸ் ஸ்டோக்ஸ் என்று ஒருவர். 1956-ல் சிறந்த புதுமுகம் விருது வாங்கியவர், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், அதாவது ரீபவுண்டு எடுப்பதில், ராட்சசன், அந்த உடம்போடு பந்தைத் தட்டிக்கொண்டு போய்ப் பாஸும் கொடுப்பார். 1958 மார்ச் 12, மினியாபொலிஸில் வழக்கமான சீசனின் கடைசி ஆட்டம். கூடையை நோக்கிப் பாய்ந்தவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டு மயங்கிவிட்டார். முகர்வதற்கு உப்பைக் காட்டி எழுப்பி, திரும்ப ஆட அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் வைத்தியம். மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில், சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டமும் ஆடினார், 12 புள்ளி, 15 ரீபவுண்டு. ஊர் திரும்பும் விமானத்தில் வலிப்பு வந்தது, அப்படியே கோமா. கண் விழித்தபோது உடம்பு முழுக்க அசைவில்லை, பேச்சில்லை. வயது 24.

இப்போது போல இன்ஷூரன்ஸ், ஓய்வூதியம் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அப்போது ஸ்டோக்ஸோடு ஒரே அணியில் ஆடிக்கொண்டிருந்த ஜாக் ட்வைமன் முன்னே வந்தார். அவரும் 23 வயதுப் பையன்தான், கல்யாணமானவர். நீதிமன்றத்தில் ஸ்டோக்ஸுக்குச் சட்டப்படி காப்பாளர் ஆனார். கறுப்பர், வெள்ளையர் ஒரே ஹோட்டலில் தங்குவதற்கே பல ஊர்களில் தகராறு இருந்த அமெரிக்கா அது. ஸ்டோக்ஸ் கறுப்பர், ட்வைமன் வெள்ளையர். வேலையில் ஏற்பட்ட காயம் என்று வாதாடி இழப்பீடு வாங்கிக் கொடுத்தார், வருடா வருடம் நட்சத்திர ஆட்டக்காரர்களைக் கூட்டிக் காட்சி ஆட்டம் நடத்திப் பணம் திரட்டினார். ஆரம்பத்தில் ஸ்டோக்ஸால் கண்ணை மட்டும்தான் சிமிட்ட முடியும். ட்வைமன் பக்கத்தில் உட்கார்ந்து ஏ, பி, சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார், வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் சிமிட்டுவார், மறுபடியும் ஏ-யிலிருந்து. ஒரு வார்த்தை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன், என் பெயர் முடிவதற்குள் பொறுமை போய்விட்டது. ஸ்டோக்ஸ் 1970 ஏப்ரலில் இறக்கும்வரை, 12 வருடம், அவரைப் பார்த்துக்கொண்டவர் ட்வைமன். இதற்கு நடுவில் 1959-60 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 31.2 புள்ளி வேறு அடித்தார், அது எப்படி என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 2004-ல் ஸ்டோக்ஸை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அவர் சார்பில் வாங்கிக்கொண்டவரும் ட்வைமன்தான். இன்று லீகின் சிறந்த சக ஆட்டக்காரர் விருதுக்கு இந்த இருவர் பெயர்தான்.

சின்சினாட்டியில் அப்புறம் ஆஸ்கர் ராபர்ட்சன் வந்தார். 1961-62-ல் சீசன் முழுக்கச் சராசரியாக ட்ரிபிள் டபுள், அதாவது மூன்று கணக்கிலும் பத்துக்கு மேல்: 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்டு, 11.4 அசிஸ்ட் (அடுத்தவரைக் கூடை போட வைக்கும் பாஸ்). அப்படிப்பட்டவரை 1970-ல் வேறு ஆட்டக்காரர்களுக்கு மாற்றாக மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த வருடமே அவர் அங்கே சாம்பியன். இந்த அணியை விட்டுப் போனால்தான் கோப்பை என்று ஒரு ராசி.

1972-ல் மூட்டை கட்டி கான்சஸ் சிட்டி. அங்கே ஏற்கெனவே ராயல்ஸ் என்று பேஸ்பால் அணி இருந்ததால் இவர்கள் கிங்ஸ் ஆனார்கள். கொஞ்ச காலம் ஒமாஹாவிலும் சில ஆட்டம், பெயரே கான்சஸ் சிட்டி-ஒமாஹா கிங்ஸ். டைனி ஆர்ச்சிபால்ட் அந்த முதல் வருடத்தில் புள்ளி, அசிஸ்ட் இரண்டு சராசரியிலும் லீகிலேயே முதலாவதாக வந்தார். 1979-ல் புயல் மழையில் அரங்கத்தின் கூரையே இடிந்து விழுந்தது, நல்ல வேளை உள்ளே ஆட்டம் இல்லை. இனிமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

1985-ல் சாக்ரமெண்டோ. அன்றைக்கு வேறு பெரிய லீக் அணி எதுவும் இல்லாத ஊர், அதனால் தோற்றாலும் அரங்கம் நிறையும். தோற்கவும் செய்தார்கள், வெளியூர் ஆட்டம் மட்டும் தொடர்ந்து 43. கிறிஸ் வெபர், விளாடே டிவாக், பெஜா, ஜேசன் வில்லியம்ஸ் என்று 1998-க்குப் பிறகு சேர்ந்த அணிதான் விடிவு. அவர்கள் பாஸ் கொடுக்கும் அழகுக்காகவே மற்ற அணி ரசிகர்களும் பார்த்தார்கள். லேக்கர்ஸ் கோச் ஃபில் ஜாக்சன் இதை மாட்டு ஊர் என்று கிண்டலடிக்க, ஜனங்கள் மாட்டு மணியையே அரங்கத்துக்குக் கொண்டுவந்து அவர் காதருகே ஆட்டினார்கள்.

2002 மேற்குப் பிரிவு இறுதி, அதே லேக்கர்ஸோடு. நான்காவது ஆட்டம், கிங்ஸ் 2-1 முன்னிலை, இதிலும் ஜெயித்தால் கிட்டத்தட்ட முடிந்தது. கடைசி நொடிகளில் கிங்ஸ் 99-97. லேக்கர்ஸின் கோபி தவறவிட்டார், ஷாக்கும் தவறவிட்டார். கூடைக்கடியில் நின்ற டிவாக் பந்தை ஆபத்தில்லாத இடத்துக்குத் தட்டிவிடுகிறார். செய்ய வேண்டியதைத்தான் செய்தார். பந்து நேராக மூன்று புள்ளி வளைகோட்டில் சும்மா நின்றுகொண்டிருந்த லேக்கர்ஸின் ராபர்ட் ஹாரியின் கையில் போய் விழுந்தது. மணி அடிக்கிறது, பந்து உள்ளே. 100-99. ஆறாவது ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் இலவச வீச்சு); கிங்ஸின் பிபியின் மூக்கில் கோபியின் முழங்கை பட்டு ரத்தம் வந்ததற்கு விசில் இல்லை. இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஆனால் நியாயமாகச் சொன்னால் சொந்த ஊரில் தோற்ற ஏழாவது ஆட்டத்தில் கிங்ஸ் 30 ஃப்ரீ த்ரோவில் 16-தான் போட்டது. அதை எந்த நடுவர் தடுத்தார்?

2006-க்கு அப்புறம் 16 சீசன் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை, என்பிஏ சாதனை. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2009-ல் நான்காவது இடம் கிடைத்தது, பிற்பாடு பெரிய நட்சத்திரமான ஸ்டெஃப் கரியை விட்டுவிட்டார்கள். 2018-ல் இரண்டாவது இடம், இன்னொரு நட்சத்திரம் லூகா டான்சிச்சை விட்டுவிட்டார்கள், தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தவர் சாட்சாத் டிவாக். நடுவில் 2013-ல் அணியையே சியாட்டிலுக்குத் தூக்கப் பார்த்தார்கள். லீக் முதலாளிகள் 22-8 என்று மறுத்ததால், மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டது.

2022-23-ல் ஜெயிக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அரங்கத்தின் மேலிருந்து ஊதா நிற லேசர் ஒளி வானத்தில் பாயும். கூட்டம் மொத்தமும் "லைட் த பீம்" என்று கத்தும். 48 வெற்றி, ஒருவழியாகப் பிளே-ஆஃப். முதல் சுற்று ஏழாவது ஆட்டம், சாக்ரமெண்டோவில். எதிரணியில் 50 புள்ளி அடித்து வீட்டுக்கு அனுப்பியவர் யார் தெரியுமா? 2009-ல் விட்டோமே, அவர்தான்.

இனி யாரும் போடக்கூடாது என்று கிங்ஸ் ஓய்வு கொடுத்த ஜெர்சி எண்களில் ஸ்டோக்ஸின் 12-உம் ட்வைமனின் 27-உம் இருக்கின்றன. இரண்டு பேரும் இந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. வெபரின் 4, டிவாக்கின் 21 எல்லாம் உண்டு. இன்னொன்று 6. அது எந்த ஆட்டக்காரருடையதும் இல்லை, ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஆறாவது ஆள் என்று ரசிகர்களுக்குக் கொடுத்தது.