பசுமை ஹைட்ரஜன்: ஒரு கிலோ கணக்கிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் அமர்ந்து தமிழ் வழியில் குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்த காலத்தில், அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், இந்தியப் பொருளாதாரம் ஆகிய மூன்று பகுதிகளையும் தொடும் தலைப்பு என்பதால் பசுமை ஹைட்ரஜனுக்கு, அதாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பிரித்துப் பெறும் ஹைட்ரஜனுக்கு, நான் கூடுதல் நேரம் ஒதுக்கினேன். கைக்குக் கை மாறி வரும் குறிப்புகளில் இந்தத் தலைப்பு பெரும்பாலும் சாம்பல் (இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பது), நீலம் (அதில் வெளியேறும் கார்பனைப் பிடித்து வைப்பது), பச்சை என்ற நிறப் பட்டியலோடும், தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்த 2023 ஜனவரி 4, அதன் ஒதுக்கீடு ரூ.19,744 கோடி, இலக்கு ஆண்டு 2030, உற்பத்தி இலக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்ற எண்களோடும் முடிந்துவிடுகிறது. கொள்குறி வினாவுக்கு அவை போதும். ஆனால் விரித்து எழுதும் விடைக்கு, அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு கிலோ ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பதே நான் கண்டவரையில் நேரான வழி.

அடிப்படைக்குப் பள்ளிப் பாடநூலே போதும். பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் ஹைட்ரஜன் தனிப் பாடமாகவே உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் மின் வேதியியல் இருக்கிறது. இவ்விரண்டையும் படித்துவிட்டால், 18 கிராம் நீரில் 2 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் உள்ளன என்ற ஒரு செய்தியிலிருந்தே, ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற 9 கிலோ நீர் வேண்டும், உடன் 8 கிலோ ஆக்சிஜன் கிடைக்கும் என்று நீங்களே எழுதிவிடலாம். கலை, வணிகவியல் பட்டதாரிகள் தயங்கத் தேவையில்லை. இதில் வருவது பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே.

அடுத்து ஆற்றல் கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனிலிருந்து பயன்படுத்தத்தக்க ஆற்றலாகக் கிடைப்பது ஏறத்தாழ 33 யூனிட். அதே ஒரு கிலோவை நீரிலிருந்து பிரித்தெடுக்க இன்றைய மின்னாற்பகுப்புக் கருவிகள் 50 முதல் 55 யூனிட் வரை மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. அதைச் சேமித்து வைத்து, பின்னர் எரிபொருள் மின்கலத்தில் செலுத்தி மீண்டும் மின்சாரமாக்கினால் அந்த 33 யூனிட்டில் சுமார் பாதிதான் திரும்பக் கிடைக்கும். அதாவது, செலவிட்ட மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கைக்கு வருகிறது. போச்சம்பள்ளியில் உருவாகும் மின்சார ஸ்கூட்டர் மின்கல அடுக்கில் (பேட்டரியில்) ஓடுவதும், சிறு வாகனங்களுக்கு ஹைட்ரஜன் பொருந்தாததும் பெரிதும் இந்த இழப்பினால்தான் என்று எழுதினால், எண் தானாகவே வாதமாகிவிடும்.

இந்தக் கணக்கை நாட்டளவுக்கு விரித்துப் பாருங்கள். தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கான 50 லட்சம் டன் என்பது 500 கோடி கிலோ. கிலோவுக்கு 50 யூனிட் என்றால் 25,000 கோடி யூனிட். அதே இயக்கம் 125 ஜிகாவாட் அளவுக்குப் புதிய புதுப்பிக்கத்தக்க மின்திறன் சேர வேண்டும் என்கிறது. அவ்வளவு திறனும் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் இயங்கினால் சுமார் 1,09,500 கோடி யூனிட் கிடைக்கும். சூரியனும் காற்றும் அப்படி இயங்குவதில்லை, சராசரியாக நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே தருகின்றன என்று கொண்டால் ஏறத்தாழ அதே 25,000 கோடி யூனிட் வந்து நிற்கிறது. இரண்டு எண்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவருக்கு, அவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் தேவையே இருக்காது.

நீர் பற்றிய கேள்வியை நம் மாவட்டத்தவர் இன்னும் தெளிவாக எழுத முடியும். 500 கோடி கிலோவுக்கு ஒன்பது மடங்கு நீர் என்பது 4.5 கோடி கன மீட்டர், அதாவது 1.6 டி.எம்.சி.; ஏறக்குறைய கிருஷ்ணகிரி அணை ஒருமுறை நிரம்பும் அளவு. குளிர்விக்கவும் சுத்திகரிக்கவும் ஆகும் நீரையும் சேர்த்தால் தேவை இரண்டு மூன்று மடங்காகலாம். அப்போதும் நாட்டின் மொத்தப் பாசனத்தோடு ஒப்பிடுகையில் அது சிறு அளவே. ஆகவே சிக்கல் மொத்த அளவில் இல்லை, ஆலை அமையும் இடத்தில்தான் இருக்கிறது. மின்னாற்பகுப்புக்கு உப்புகள் நீக்கப்பட்ட தூய நீர் வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்ட இப்பகுதியில், குடிநீருக்கும் தொழிலுக்கும் போட்டி வந்தால் என்ன ஆகும் என்பதை நாம் நூல் பார்த்து அறிய வேண்டியதில்லை. 'சவால்கள்' என்ற துணைத் தலைப்பின்கீழ் இதைத் தயங்காமல் எழுதுங்கள்.

பயன்கள் என்று வரும்போது வாகனத்தை முதலில் எழுதுவதைத் தவிர்த்து, உரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எஃகு ஆகியவற்றை முன்வையுங்கள். உர ஆலைகள் அம்மோனியாவுக்காக இன்று இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கின்றன. அம்முறையில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இந்திய அரசின் வரையறைப்படி பசுமை ஹைட்ரஜனுக்கு அந்த அளவு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. ராயக்கோட்டைத் தக்காளித் தோட்டத்துக்குப் போகும் யூரியாவைத் தயாரிக்க அம்மோனியாவோடு கார்பன் டை ஆக்சைடும் தேவை. அது இப்போது அதே எரிவாயுவிலிருந்துதான் கிடைக்கிறது. எனவே பசுமை அம்மோனியா, கார்பன் தேவைப்படாத டி.ஏ.பி. போன்ற உரங்களில் எளிதாக இடம் பிடிக்கும். யூரியாவுக்குக் கார்பனை வேறு வழியில் கொண்டுவர வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் எழுதும் விடைத்தாள் தனித்துத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிறங்களுக்கு ஒரு சிறு அட்டவணை போதும். தமிழ்க் கலைச்சொற்களுக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தமிழ் வெளியீடுகளைப் பாருங்கள்.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு கேட்டால் தூத்துக்குடியைக் கூறலாம். காண்ட்லா, பாரதீப் துறைமுகங்களோடு வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் பசுமை ஹைட்ரஜன் மையமாக வளர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. தென்மாவட்டக் காற்றாலைகளும் சூரிய ஒளியும் மின்சாரம் தரும், கடல்நீரைச் சுத்திகரித்து நீர் பெறலாம், அம்மோனியாவாக மாற்றிக் கப்பலில் ஏற்றலாம் என்று மூன்று காரணங்களையும் தமிழ்நாட்டு நில வரைபடம் ஒன்றின் ஓரத்தில் குறித்துக் காட்டினால், இடமும் நேரமும் மிச்சமாகும்.