சூட்டோடு உரித்தால்தான் கொடியின் தோல் விடும்

கூடை பின்ன எடுத்த பாற்கொடி இந்த முறை நன்றாகவே வந்துவிட்டது. முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கத்து வாய்க்கால் கரையில் வெட்டிய கட்டு முழுவதும் ஒரே பருமன். விரலில் சுற்றினாலும் கணுவில் முறியவில்லை. அந்தச் சந்தோசத்தில் எழுதுகிறேன்.

மரத்தில் ஏறிய கொடியை நான் தொடுவதில்லை. நிலத்தோடு ஓடுவதில்தான் நீளம் கூட, கிளை குறைவு. மாரி மழை விட்ட கையோடு வெட்டினால் தோல் இலகுவாகக் கழரும். துருநிறச் சுணை நிற்கிற இளநுனி வேண்டாம், காய்ந்ததும் சுருங்கிவிடும். கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை நிற்கிற பற்றைப் பக்கம் எவ்வளவு நல்ல கொடி தெரிந்தாலும் போகாதீர்கள்.

தோல் உரிக்க முதல் கொடியை அவிக்க வேண்டும். அவிக்கும்போது பால் நுரையோடு மேலே வந்து கிடாரத்து விளிம்பில் பிசினாக ஒட்டும். சோறு காய்ச்சும் கிடாரத்தை இதற்கு எடுக்கவே கூடாது.

சரி, உரிப்புக்கு வருவோம். சாக்குத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, ஆவி பறக்கப் பறக்க அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுவை. கரும்பழுப்புத் தோல் நீளமாகக் கழன்று வர, உள்ளே வெளிர்மஞ்சள் தண்டு வழுவழுவென்று நிற்கும். ஆறிவிட்டதோ, துண்டு துண்டாகப் பிய்யும், பிறகு நகத்தால் சுரண்ட வேண்டியதுதான். கடகம் இழைக்கிற பெரியம்மா நின்று பார்த்துவிட்டு, “பிள்ளை, எல்லாத்தையும் ஒரேயடியா வெளியில எடுக்காதை. ஒண்டொண்டா எடு, மற்றது சுடுதண்ணிக்குள்ளயே கிடக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து அதுதான் என் முறை.

அப்புறம், உரித்த தண்டை ஒரே பருமனாகச் சீவ மீன் ரின் மூடி. என்னிடம் உள்ள ஆயுதங்களில் இதற்கு மேல் ஒன்றில்லை! ஆணியால் 6, 5, 4 மில்லிமீற்றரில் ஓட்டை குத்தினால் மறுபக்கம் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறுதான் சீவுகிறது, அரத்தால் தேய்த்துவிடாதீர்கள். சத்தகத்தால் (ஓலை கிழிக்கும் சிறு கத்தி) தண்டின் நுனியைக் கூராக்கி, பிசிறுப் பக்கத்தால் நுழைத்து மற்றப் பக்கம் இழுக்க வேண்டும். இந்தக் கொடியில் இலை சோடியாக வருவதால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் மொழி, அதாவது புடைப்பு, இருக்கும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, மூடியைக் கால்வட்டம் திருப்பி இழுத்தால் மொழி சீவுப்பட்டு உதிரும். நேரே இழுத்தால் கணுவோடு தண்டே கிழியும். பெரிய ஓட்டையை விட்டு நேரே 4க்குப் போகிறவர்களுக்கும் அதே கதிதான்.

கூடை விளிம்புக்கு வவுனியாவில் வாங்கிய பிரம்பு மோசம். கடை வாசலில் வெயில் குடித்துக் கிடந்த சரக்கு, எவ்வளவு ஊறப்போட்டாலும் வளைக்கும்போது வெடிக்கிறது. இனி பனைமட்டை நார்தான். பெரியம்மா கிழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கூடையில் இப்போதைக்கு அடி மட்டும்தான் முடிந்திருக்கிறது. ஆனால் மனம் அதற்குள் மீன் பிடிக்கும் கூடான பறிக்குப் போய்விட்டது. முத்தையன்கட்டுக் குளத்தில் போட்டுப் பார்க்க ஆசை. அதற்குத் தடித்த கொடி வேண்டும், மூடியில் 8 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று போட வேண்டும். அந்தப் பருமனில் ஆணி தேடிக்கொண்டிருக்கிறேன்.